செவ்வாய் கிரகத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்

வேலைக்கு ஆள் தேவை விளம்பரங்களில் தவறாமல் ஒரு வரி இருக்கும். ‘ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.’ சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்குத்தான்!

‘மல்ட்டி டாஸ்கிங்’ என்கிற இந்த வார்த்தை கம்ப்யூட்டர்காரர்களிடமிருந்து நம்மிடம் வந்தது. வருகிற வழியில் ஒரு சின்ன உண்மை எங்கோ விழுந்து தொலைந்துவிட்டது. கம்ப்யூட்டரே ஒரே நேரத்தில் பல வேலை செய்வதில்லை.

“என்ன சார் கதை விடறீங்க? நேத்து ராத்திரி லேப்டாப்பில் பாட்டு ஓடிச்சு, பக்கத்திலேயே எக்ஸெல்லில் கணக்குப் போட்டேன், கீழே ஏதோ டவுன்லோட் ஆயிட்டிருந்தது. எல்லாம் ஒண்ணாத்தானே நடந்துச்சு?” என்பீர்கள்.

நடந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடை மாஸ்டரைப் பாருங்கள். ஆள் ஒருவர். எதிரே பத்துப் பேர். ஒருத்தருக்கு டிகாக்ஷன் ஊற்றுகிறார், பால் பொங்குவதற்குள் இன்னொருத்தருக்குச் சர்க்கரை, நடுவில் மூன்றாமவருக்குச் சில்லறை, ஒரு ஆற்று ஆற்றி நாலாமவருக்கு நீட்டல். பத்துப் பேருக்குமே ‘மாஸ்டர் நம்ம டீயைத்தான் போடுகிறார்’ என்று தோன்றும். எந்த ஒரு நொடியை எடுத்தாலும் அவர் கையில் இருப்பது ஒரே வேலைதான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பிராஸஸரும் அப்படித்தான். இந்தப் புரோகிராமுக்குச் சில மில்லிசெகண்ட், அதை ஓரம் கட்டிவிட்டு அடுத்ததற்குச் சில மில்லிசெகண்ட். மில்லிசெகண்ட் என்றால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண்ணுக்கும் காதுக்கும் இந்த ஏமாற்று வேலை தெரிவதே இல்லை.

இப்போது வரும் பிராஸஸர்களில் நாலு ‘கோர்’, எட்டு ‘கோர்’ என்று இருக்கிறதே என்று விவரமானவர்கள் கேட்கலாம். சரி, கடையில் எட்டு மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாசலில் நிற்கிற வேலைகள் நூற்றுக்கணக்கில். நீங்கள் திறந்து வைத்திருப்பது நாலு. உங்களைக் கேட்காமலே உள்ளே உட்கார்ந்திருப்பது மீதி. பெரும்பாலானவை தூங்கிக்கொண்டிருக்கும். விழித்துக்கொண்டவை எல்லாம் ‘எனக்கு, எனக்கு’ என்று கை நீட்டும்.

ஆக, யாருக்கு முதலில் டீ என்று யாராவது முடிவு பண்ண வேண்டும். அந்த ஆசாமிக்குப் பெயர் ‘ஷெட்யூலர்’. ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை, ஆயிரக்கணக்கான தடவைகூட, ‘அடுத்தது யார்?’ என்று தீர்ப்புச் சொல்கிற பஞ்சாயத்துத் தலைவர். அவர் தீர்ப்பு கோணலானால் என்ன ஆகும் என்பதைச் செவ்வாய் கிரகம் வரை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதற்கு முன்னால் ஜெராக்ஸ் கடை வரை ஒரு நடை.

*

கடையில் ஒரே மெஷின். முதலில் நிற்கிற மாணவர் கையில் தலையணை கனத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரை. 30 நிமிஷ வேலை. அவருக்குப் பின்னால் ஆதார் கார்டுடன் ஒரு பெரியவர், ரேஷன் கார்டுடன் ஒரு அம்மா. ஆளுக்கு 3 நிமிஷம் போதும்.

முதலில் வந்தவருக்கே முதலில் என்றால், மாணவர் காத்திருப்பது பூஜ்யம், பெரியவர் 30 நிமிஷம், அந்த அம்மா 33. சராசரி 21 நிமிஷம். இதையே திருப்பிப் போட்டுச் சின்ன வேலைகளை முதலில் முடித்தால்? பெரியவர் பூஜ்யம், அம்மா 3, மாணவர் 6. சராசரி 3 நிமிஷம்! மெஷின் அதே மெஷின், பேப்பர் அதே பேப்பர். வரிசையை மாற்றியதில் மட்டும் 21, மூன்றாகிவிட்டது.

பி.காம். படித்தவர்களுக்கு ‘ஃபிஃபோ’ ஞாபகம் இருக்கும். சரக்குக் கணக்கில் முதலில் வந்தது முதலில் வெளியே. நானும் அந்தப் பேப்பரை எழுதித்தான் பாஸ் பண்ணினேன். கம்ப்யூட்டர்காரர்களும் அதே வார்த்தையை வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தபோது, தூரத்துச் சொந்தக்காரரை ரயிலில் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம்.

‘அப்படியானால் சின்ன வேலைக்கே முதலிடம்’ என்று சட்டம் போட்டுவிடலாமா? போட்டால் மாணவர் கதி? “தம்பி, ஒரே ஒரு பக்கம்தான்” என்று ஒவ்வொருத்தராக வந்துகொண்டே இருந்தால், கடை சாத்துகிற வரை அவர் அந்தத் தலையணையைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். கம்ப்யூட்டர் அகராதியில் இதற்குப் பெயரே ‘பட்டினி’. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐ.பி.எம். 7094 என்ற பெரிய கம்ப்யூட்டரை 1973-ல் நிறுத்தியபோது, 1967-ல் கொடுக்கப்பட்ட ஒரு வேலை இன்னும் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்ததாக ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. நிஜமோ, பொய்யோ, பாடப் புத்தகம் வரை ஏறிவிட்டது. நம் ஊர் ஃபைல்களைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிய ஆச்சரியமாக இருக்காது.

இதற்கு வைத்தியமும் கண்டுபிடித்தார்கள். காத்திருக்கக் காத்திருக்க வேலையின் மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவது. சீனியாரிட்டி!

அதே எம்.ஐ.டி.யில் 1961-ல் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்பவர் குழுவுடன் இன்னொரு வழியைச் செய்து காட்டினார். அதுவரை துளை போட்ட அட்டைகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோர்பட்டோ ஒரே கம்ப்யூட்டரைப் பலர் உட்கார்ந்து பகிர்ந்துகொள்ள வைத்தார். அவருடைய ஷெட்யூலர் யாருடைய சிபாரிசையும் கேட்கவில்லை, நடத்தையைப் பார்த்தது. கொடுத்த நேரத்துக்குள் முடிக்காத வேலையை ஒரு படி கீழே இறக்கியது. கீழே போனவனுக்கு முறை வருவது தாமதமாகும், வந்தால் இரண்டு மடங்கு நேரம். டைப் அடிக்கிறவனுக்கு உடனே பதில், மூட்டை கணக்குக்காரனுக்குச் சாவகாசமாக. கம்ப்யூட்டர் உலகின் நோபல் மாதிரியான டூரிங் விருது 1990-ல் அவருக்குக் கிடைத்தது.

விண்டோஸ் 3.1 காலத்துக் கம்ப்யூட்டரைத் தொட்டவர்களுக்கு ஒரு கேள்வி. அந்த மணல் கடிகாரம் நினைவிருக்கிறதா? ஒரு புரோகிராம் மக்கர் பண்ணினால் மொத்தக் கம்ப்யூட்டரும் சிலையாகிவிடும். காரணம், அங்கே பிராஸஸரை யாரும் பிடுங்க மாட்டார்கள். புரோகிராமே பெருந்தன்மையாக ‘நான் முடித்தேன், அடுத்தவர் வரலாம்’ என்று எழுந்து வழி விட வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அப்படி யார் விட்டிருக்கிறார்கள்? 1995-ல் வந்த விண்டோஸ் 95, புதிதாக எழுதப்பட்ட புரோகிராம்களிடம் இந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்கவில்லை. நேரம் முடிந்ததா, எழுந்திரு என்று கழுத்தைப் பிடித்துவிட்டது.

லினக்ஸில் இன்னும் ஒரு வேடிக்கை. ஒவ்வொரு வேலைக்கும் ‘நைஸ்’ என்று ஒரு எண் உண்டு. மைனஸ் 20 முதல் 19 வரை. எண் ஏற ஏற அந்த வேலை ‘ரொம்ப நல்லவன்’ என்று அர்த்தம். ரொம்ப நல்லவனுக்கு என்ன பரிசு? பிராஸஸர் நேரத்தில் ஆகக் குறைந்த பங்கு! ஆபீஸில் ஆறு மணிக்கு மேல் “நீங்க ஒருத்தர்தான் சார் முகம் சுளிக்காம செய்வீங்க” என்று உங்கள் தலையில் கட்டப்பட்ட வேலைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த லினக்ஸின் ஷெட்யூலரில் நியாயமான பங்கீடு சாத்தியம் என்று மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் கான் கோலிவாஸ். ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து டாக்டர்! கம்ப்யூட்டர் அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் எழுதிய ஷெட்யூலரை லினக்ஸ் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த யோசனையிலிருந்து உற்சாகம் பெற்று இங்கோ மோல்னார் என்ற ஹங்கேரிக்காரர் எழுதியது 2007-ல் உள்ளே போனது. அதன் பெயர் ‘முற்றிலும் நியாயமான ஷெட்யூலர்’. இதுவரை யாருக்கு ஆகக் குறைவாகக் கிடைத்ததோ, அடுத்த முறை அவருக்கு என்பதுதான் அதன் சட்டம். பந்தியில் இலையைப் பார்த்துப் பரிமாறுகிற மாதிரி. 2023-ல் அதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். முற்றிலும் நியாயம் பதினாறு வருஷம் ஓடியிருக்கிறது. பரவாயில்லை.

*

வீட்டு லேப்டாப்பில் ஷெட்யூலர் சொதப்பினால் பாட்டு ஒரு கணம் திக்கும், திட்டிவிட்டு வேறு வேலை பார்ப்போம். விண்வெளியில் அப்படி முடியாது.

1969 ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம் 2,048 சொற்கள். இன்று காலை உங்கள் வாட்ஸப்பில் வந்த குட்மார்னிங் படம் அதில் அடங்காது. இறங்கும்போது ‘1202’ என்று அலாரம். மறுபடி அலாரம். மொத்தம் ஐந்து தடவை. தேவையே இல்லாத ஒரு ரேடாரிலிருந்து வந்த வெற்றுச் சமிக்ஞைகள் கம்ப்யூட்டரின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. புது வேலைக்கு இடம் இல்லை. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஷெட்யூலர் வடிவமைத்தவர் ஹால் லேனிங். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை என்று அவர் ஏற்கெனவே வகுத்து வைத்திருந்தார். கம்ப்யூட்டர் தன்னைத்தானே சட்டென்று மறுபடி துவக்கிக்கொண்டு, அவசியமில்லாததைக் கீழே போட்டுவிட்டு, எஞ்சினை நடத்துகிற வேலையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. இறங்கிவிட்டார்கள்.

முன்னுரிமை காப்பாற்றியது. ஆகவே முன்னுரிமை வைத்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும் அல்லவா? இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே முன்னுரிமை காலை வாரியது.

1997 ஜூலை 4. நாஸாவின் ‘மார்ஸ் பாத்ஃபைண்டர்’ காற்றுப் பைகளை ஊதிக்கொண்டு செவ்வாயில் பந்து மாதிரி குதித்துக் குதித்து இறங்கியது. வயிற்றிலிருந்து ‘ஸஜர்னர்’ என்ற ஆறு சக்கரக் குட்டி வண்டி வெளியே வந்தது. பத்தரைக் கிலோ. உலகமே கைதட்டியது. சில நாட்கள் போயின. வானிலை விவரம் சேகரிக்கத் தொடங்கிய கொஞ்ச காலத்தில் பாத்ஃபைண்டரின் கம்ப்யூட்டர் திடீரென்று தன்னைத்தானே ‘ரீசெட்’ செய்துகொண்டது. பிறகு இன்னொரு தடவை. சேகரித்து முடித்த தகவல் போகவில்லை. ஆனால் ரீசெட் ஆன அன்றைக்கு மீதியிருந்த வேலைகள் அத்தனையும் மறுநாளுக்குத் தள்ளிப் போயின. நிலத்தில் ஒரு மாத ஆயுளுக்குத் திட்டமிட்ட கலம் அது. ஒவ்வொரு நாளும் தங்கம்.

பத்திரிகைகளில் ‘கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் நிறைய வேலைகளைச் செய்யப் பார்த்ததால் திணறுகிறது’ என்று வந்தது. ‘வேலை ஜாஸ்தி சார்’ என்கிற பழைய சமாதானம்தான். நிஜத்தில் நடந்தது அது இல்லை.

என்ன நடந்தது என்று புரிய, உங்கள் ஆபீஸுக்கே வாருங்கள். ஆபீஸில் ஒரே ஒரு மேஜை. யார் பெரியவரோ அவர் வந்தால் சின்னவர் எழுந்து இடம் விட வேண்டும். இதுதான் சட்டம். கூடவே ஒரே ஒரு ரப்பர் ஸ்டாம்ப். எடுத்தவர் தன் காகிதங்களைக் குத்தி முடித்துத்தான் அடுத்தவருக்குத் தர வேண்டும், பாதியில் பிடுங்கக் கூடாது.

புதுசாய்ச் சேர்ந்த ஜூனியர் கிளார்க் மேஜையில் உட்கார்ந்து ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருக்கிறார். மேனேஜர் வருகிறார். “தம்பி, அந்த ஸ்டாம்ப்பைக் கொடு.” “ரெண்டே ரெண்டு காகிதம் சார், முடிச்சுத் தந்துடறேன்.” “சரி, சீக்கிரம்” என்று மேனேஜர் ஓரமாக நிற்கிறார். இது வரை பழுதில்லை.

அந்த நேரம் பார்த்து ஹெட்கிளார்க் உள்ளே நுழைகிறார். அவருக்கு ஸ்டாம்ப் வேண்டாம், மேஜைதான் வேண்டும். ஜூனியரைவிட அவர் பெரியவர். “எழுந்திரு தம்பி, மாசக் கணக்குப் போடணும்.” தம்பி எழுந்துவிட்டார். கையில் ஸ்டாம்ப், மேஜை இல்லை. குத்தி முடிக்க முடியாது. முடிக்காமல் கொடுக்கவும் முடியாது. மேனேஜர் ஸ்டாம்ப்புக்காக நிற்கிறார். ஹெட்கிளார்க் அரை மணி நேரம் நிம்மதியாகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார். யாரும் சட்டத்தை மீறவில்லை. ஆனால் ஹெட்கிளார்க்குக்காக மேனேஜர் காத்திருக்கிறார்! மரியாதை தலைகீழாகிவிட்டது. இதன் பெயரே ‘முன்னுரிமை தலைகீழ்’.

செவ்வாயில் ஜூனியர் கிளார்க், வானிலை விவரம் திரட்டுகிற வேலை. முன்னுரிமையில் கீழே இருப்பது. மேனேஜர், கலத்தின் பாகங்களுக்கிடையே தகவலைப் பட்டுவாடா செய்கிற வேலை. நடுவில் புகுந்த ஹெட்கிளார்க், ஸ்டாம்ப் தேவைப்படாத இடைநிலை வேலைகள். இந்தப் பட்டுவாடா நொடிக்கு எட்டுத் தடவை ஒழுங்காக நடக்க வேண்டும். அதைக் கண்காணிக்க இன்னொரு வேலை உண்டு. அது எட்டிப் பார்த்தபோது போன சுற்றுப் பட்டுவாடாவே முடிந்திருக்கவில்லை. ‘என்னமோ பெரிய கோளாறு’ என்று முடிவு கட்டி எல்லாவற்றையும் இழுத்து மூடி, ரீசெட்!

கலிஃபோர்னியாவில் நாஸாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லாபரட்டரியில் அந்தக் கலத்துக்கு அச்சு அசலாக ஒரு இரட்டைப் பிறவி இருந்தது. என்ஜினீயர்கள் அதை வைத்துக்கொண்டு, செவ்வாயில் நடந்ததை இங்கே நடக்க வைக்க மணிக்கணக்கில் பாடுபட்டார்கள். கோளாறு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒரே தொழில் இதுதான் என்று நினைக்கிறேன். விடிகிற நேரத்தில், ஒருவரைத் தவிர எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்ட பிறகு, வந்தது. எந்த வேலை எந்தக் கணத்தில் ஓடியது, யார் ஸ்டாம்ப்பைப் பிடித்திருந்தார்கள் என்று குறித்து வைக்கிற வசதியை அவர்கள் கழற்றாமல் விட்டிருந்தார்கள். அந்தப் பதிவில் குட்டு வெளிப்பட்டது.

மருந்து ஏற்கெனவே உள்ளேயே இருந்தது! அவர்கள் வாங்கிப் போட்டிருந்த ‘விஎக்ஸ்வொர்க்ஸ்’ என்ற ஸாஃப்ட்வேரில் அதற்கென்று ஒரு வசதி உண்டு. அது ‘வேண்டாம்’ என்று வைக்கப்பட்டிருந்தது. அதை ‘வேண்டும்’ என்று மாற்ற வேண்டும். சுமார் 19 கோடி கிலோமீட்டர் தூரத்தில், ரேடியோ சமிக்ஞை போய்ச் சேரவே பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிற இடத்தில். அனுப்பினார்கள். சரியாகிவிட்டது. ஒரு மாதம் இருந்தால் போதும் என்று அனுப்பிய கலம் செப்டம்பர் 27 வரை பேசிக்கொண்டிருந்தது.

அந்த வசதி என்னவென்றால், ரொம்ப எளிமை. மேனேஜர் ஸ்டாம்ப்புக்காகக் காத்திருக்கிறாரா? “தம்பி, அந்த ஸ்டாம்ப் உன் கையில் இருக்கிற வரைக்கும் நீதான் மேனேஜர்.” அவ்வளவுதான். இனி ஹெட்கிளார்க் வந்து எழுப்ப முடியாது. தம்பி இரண்டு காகிதத்தையும் குத்தி முடிப்பார், ஸ்டாம்ப்பைக் கொடுப்பார், கொடுத்த மறுகணம் பழையபடி ஜூனியர். நம் ஆபீஸ்களில் இதை யாராவது முயன்று பார்த்தால் பாதி ஃபைல்கள் நகர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். பெரிய வேலை எங்கே நிற்கிறது என்று விசாரித்தால், கடைசியில் யாரோ ஒரு சின்ன ஆள் கையில் சாவியோடு, உட்கார நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டிருப்பார். அவரைத்தான் எல்லோரும் விரட்டுவார்கள்.

இன்னொரு விஷயம் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது. கலம் பூமியை விட்டுக் கிளம்பும் முன்பே, பரிசோதனையில் இந்த ரீசெட் தலைகாட்டியிருக்கிறது. ஹார்ட்வேரில் ஏதோ சில்லறைக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டு, இறங்குகிற கட்டத்துக்கான ஸாஃப்ட்வேரில் கவனத்தைத் திருப்பினார்கள். தப்பென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பத்திரமாக இறங்காத கலத்தில் வானிலை எப்படி ஓடினால் என்ன? நேரம் கொஞ்சம், வேலை நிறைய, எதை முதலில் பார்ப்பது... அவர்களும் ஷெட்யூலர் வேலைதானே பார்த்திருக்கிறார்கள்!

1997 டிசம்பரில் சான் ஃபிரான்ஸிஸ்கோவில் இத்துறை நிபுணர்களின் மாநாடு. விஎக்ஸ்வொர்க்ஸ் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர் டேவிட் வில்னர் மேடையில் இந்தக் கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு, நிஜமான ஹீரோக்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் என்றார். இந்தச் சிக்கலையும் தீர்வையும் பற்றி அவர்கள் எப்போதோ படித்த ஒரு கட்டுரையைக் கேட்டிருக்கிறேன், எழுதியவர்கள் பெயர்தான் ஞாபகமில்லை, மன்னிக்க வேண்டும் என்றார்.

எழுதியவர்கள் மூன்று பேர். லூயி ஷா, ஜான் லெஹோட்ஸ்கி, ரகுநாதன் ராஜ்குமார். ராஜ்குமார் நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ. முடித்துவிட்டு அமெரிக்கா போனவர். மூவர் பெயரோடும் அந்தக் கட்டுரை 1990-ல் அச்சில் வந்தது. பாத்ஃபைண்டர் செவ்வாய்க்குக் கிளம்புவதற்கு ஆறு வருஷம் முன்னால்.

மூன்று பேருமே அன்று அந்த ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மாநாட்டை நடத்தியவர் எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்தார்கள். ஹால் முழுக்கக் கைதட்டல்.